ஆறு கோப்பைகளின் பட்டா யார் பெயரில்? பிரேடி, பெலிச்சிக்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 பிப்ரவரி 7 இரவு ஃப்ளோரிடாவின் டாம்பாவில், 43 வயது டாம் பிரேடி அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் தன் ஏழாவது கோப்பையைத் தூக்கினார். நமக்கு அது திங்கள்கிழமை விடிகாலை. ஐந்து மணிக்கே எழுந்து, வீட்டில் யாரும் முழித்துவிடாதபடி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆட்டம் முடிவதற்குள்ளேயே எல்லாப் பக்கமிருந்தும் ஒரே தீர்ப்பு வந்து விழுந்தது: முந்தைய ஆறு கோப்பைக்கும் காரணம் பிரேடியா, அவருடைய பழைய பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கா என்ற வழக்கு முடிந்தது, பெலிச்சிக் தோற்றார். இருபது வருஷம் அவர் கீழே ஆடி ஆறு கோப்பை வென்றவர், வேறு ஊருக்குப் போன முதல் வருஷமே ஏழாவதை வாங்கிவிட்டார். பெலிச்சிக்கின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கோ அந்த சீசனில் 7 வெற்றி, 9 தோல்வி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எனக்கு அன்றைக்கே ஓர் இடம் உறுத்தியது. பிரேடியின் புது அணி டாம்பா 31–9 என்று ஜெயித்த ஆட்டம் அது. எதிரே கேன்சஸ் சிட்டி, அதன் தாக்குதலை இயக்கும் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டவைத்து ஒரு டச்டவுன்கூட எடுக்கவிடாமல் அவரை இரவு முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவைத்தது டாம்பாவின் தடுப்புப் பயிற்சியாளர் டாட் பௌல்ஸ் வடிவமைத்த தடுப்பாட்டம். எதிரணியின் பெரிய ஆளை முடக்கத் திட்டம் போடு, கோப்பை தானாக வரும் என்பதுதானே பெலிச்சிக் வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியது? அவர் வாதத்தை நிரூபித்த ஆட்டத்தையே அவருக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

அதனால் சாட்சிகளை மறுபடி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று தோன்றியது.

களமும் விதியும்

அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஓர் அணியில் தாக்குதலுக்கு ஒரு பதினொருவர், தடுப்புக்கு வேறு பதினொருவர். தாக்கும்போது ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்பதை ஓரிரு நொடியில் அவர் முடிவு செய்ய வேண்டும். பந்து எதிரணிக்குப் போய்விட்டால் அவருக்கு வேலை இல்லை, துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். பயிற்சியாளர் குழுவின் குரல் அவர் ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும். ஆனால் அடுத்த முயற்சியைத் தொடங்க 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பை வெட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவர் தனி ஆள். இந்த வழக்கு முழுவதும் அந்த வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் நடக்கிறது.

இன்னொன்றும் தெரிய வேண்டும். எந்த அணியும் ரொம்ப நாள் உச்சியில் உட்காரக் கூடாது என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட லீக் இது. கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில், கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. ஜெயிக்க ஜெயிக்க ஆட்டக்காரர்களின் விலை ஏறும், எல்லாரையும் வைத்துக்கொள்ளப் பணம் இருந்தாலும் செலவு செய்ய விடமாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2001 முதல் 2019 வரை 19 சீசனில் 17 முறை தன் பிரிவில் முதலிடம் வந்தது. ஒன்பது சூப்பர் பவுல் ஆடி ஆறில் ஜெயித்தது.

கோப்பை வெல்வது ஒரு சங்கதி, பத்தொன்பது வருஷம் மேலேயே நிற்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை தீராமல் இழுக்கிறது என்பது என் எண்ணம்.

199

2000 ஜனவரி 4. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்க வேண்டிய பெலிச்சிக், அந்தப் பதவியிலிருந்து விலகுவதாக ஒரு தாளில் ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பேட்ரியட்ஸ் முதலாளி ராபர்ட் கிராஃப்ட் அவரை வளைத்துப் பிடித்தார். ஒப்பந்தத்தில் இருந்தவர் என்பதால் ஜெட்ஸுக்கு இழப்பீடாகத் தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே கொடுக்க வேண்டி வந்தது. பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நியூயார்க் ஜயன்ட்ஸில் தடுப்பாட்டத்தை நடத்தி இரண்டு சூப்பர் பவுல் பார்த்தவர்தான் பெலிச்சிக், அதில் ஒன்றுக்கு அவர் போட்ட திட்டம் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ்க்கூடத்துக்கே போனது. ஆனால் தலைமைப் பயிற்சியாளராக கிளீவ்லாண்டில் ஐந்து வருஷம் இருந்து 36 வெற்றி, 44 தோல்வி என்று முடித்து வேலையை இழந்தவரும் அவரேதான்.

அதே வருஷம் ஏப்ரலில், அதே டிராஃப்டில், ஆறாம் சுற்றில் 199வது ஆளாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடியை பேட்ரியட்ஸ் எடுத்தது. அவருக்கு முன் வேறு அணிகள் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்திருந்தன. ஆக, கோச்சுக்குக் கிராஃப்ட் கொடுத்த விலை முதல் சுற்று, குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்த விலை ஆறாம் சுற்று.

பெலிச்சிக் ரசிகர்கள் இதைக் கழுகுக் கண் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தன் அணிக்கே அவர் பிரேடிக்கு முன் ஆறு பேரை எடுத்திருந்தார். ரத்தினம் என்று தெரிந்திருந்தால் 198 பேர் போகும்வரை யாராவது காத்திருப்பார்களா? உண்மையில் இந்த இடத்தில் பெருமை சேர வேண்டிய ஒருவர் பெயரை இரண்டு தரப்பும் சொல்வதில்லை. குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன், பிரேடியைப் போய்ப் பார்த்து இவன்தான் வேண்டும் என்று சொன்னவர். 2001 ஆகஸ்டில் 45 வயதில் இறந்துபோனார். தான் காட்டிய பையன் ஒரு போட்டியைக்கூட ஆரம்பத்திலிருந்து ஆடி அவர் பார்க்கவில்லை.

பெலிச்சிக்கின் பங்கு அதற்கப்புறம் வருகிறது. 2000 சீசனில் அவர் நான்கு குவார்ட்டர்பேக்குகளை அணியில் வைத்துக்கொண்டார். 53 பேர் மட்டுமே அனுமதிக்கப்படும் பட்டியலில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்த நான்காவது ஆள் அந்த வருஷம் எறிந்தது மொத்தம் மூன்றே பந்து.

நவம்பர் முடிவு

அணியின் ராஜா அப்போது ட்ரூ பிளெட்சோ. 2001 மார்ச்சில் பத்து வருஷத்துக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் அவருக்கு. செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸின் மோ லூயிஸ் அவரை மோதிய மோதலில் நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. பிரேடி உள்ளே வந்தார். அன்றோடு அணி இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோல்வி.

பிளெட்சோ நவம்பரில் குணமாகித் திரும்பினார். அணி 5 வெற்றி, 5 தோல்வி என்று திரிசங்கு நிலையில் இருந்தது. பிரேடி ஒன்றும் மின்னிக்கொண்டிருக்கவில்லை, அந்த சீசன் முழுக்க 18 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்கள், அதாவது இன்டர்செப்ஷன், 12, அவ்வளவுதான். முந்தைய வருஷம் 5 வெற்றி, 11 தோல்வி என்று முடித்த பயிற்சியாளர், முதலாளி கோடிகளைக் கொட்டிய ஆளை, முதலாளிக்கு மகன்போலப் பிரியமான ஆளை, பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு 24 வயதுப் பையனிடம் அணியைக் கொடுத்தார். அது தவறியிருந்தால் கிளீவ்லாண்ட் கதை இன்னொரு முறை நடந்திருக்கும், மூன்றாவது வாய்ப்பு யாரும் தந்திருக்கமாட்டார்கள். பெலிச்சிக் தன் வாழ்நாளில் எடுத்த ஆகப் பெரிய முடிவு இதுதான் என்பேன். எந்த ஆட்டத் திட்டமும் இதன் பக்கத்தில் நிற்காது. மீதமிருந்த ஆறு ஆட்டங்களிலும் வெற்றி.

பிறகு சூப்பர் பவுல். 2002 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். எதிரணி செயின்ட் லூயிஸ் ராம்ஸ், தொடர்ந்து மூன்று சீசனில் 500 புள்ளிகளுக்கு மேல் குவித்த அணி. பேட்ரியட்ஸ் 14 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்றார்கள் பந்தயக்காரர்கள். நவம்பரில் இதே ராம்ஸிடம், குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரைத் துரத்தப் போய்த் தோற்றிருந்தார் பெலிச்சிக். இந்த முறை வார்னரை விட்டுவிட்டு, ஓடியும் பிடித்தும் அந்தத் தாக்குதலை இயக்கிய மார்ஷல் ஃபாக்கைக் குறிவைத்தார். பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பும்போதே அவரை மோது என்பது உத்தரவு. மூன்று கால்பகுதி முடியும்வரை ராம்ஸ் எடுத்தது 3 புள்ளி. பிரேடி அன்று எறிந்தது வெறும் 145 கெஜம்.

ஆனால் ராம்ஸ் கடைசியில் 17–17 என்று பிடித்துவிட்டது. மிச்சம் 1 நிமிஷம் 21 நொடி, டைம்அவுட் ஒன்றும் கையில் இல்லை. தொலைக்காட்சி வர்ணனையில் ஜான் மேடன், பேசாமல் நேரத்தைக் கடத்திவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போவதே புத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரேடி அவசரப்படாமல் சின்னச் சின்னதாக எறிந்து களத்தின் பாதிக்கு மேல் கொண்டுபோனார். ஆடம் வினட்டேரி 48 கெஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். 20–17.

58 நிமிஷம் கோச்சுடையது, கடைசி ஒன்றரை நிமிஷம் பையனுடையது. ஆனால் அந்தப் பையனிடம் அந்த நேரத்தில் பந்தைக் கொடுத்து முன்னேறு என்று சொன்னதும் அதே கோச்தான்.

2003, 2004 கோப்பைகளிலும் சாயல் இதேதான், ஆனால் சுத்தமாக இல்லை. 2003இல் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுத்த அணி பேட்ரியட்ஸ். அந்த சீசனின் அரையிறுதிப் போட்டியில் எதிரணிக் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் நான்கு முறை பந்தைப் பறிகொடுத்தார், மூன்றைப் பிடித்தவர் பேட்ரியட்ஸின் டை லா. அப்புறம் கரோலினாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் பார்த்தால், அந்தப் பெருமைமிக்க தடுப்பாட்டம் கடைசிக் கால்பகுதியில் கிழிந்து தொங்கியது. பிரேடி 354 கெஜம், மூன்று டச்டவுன் எறிந்து 32–29 என்று இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். முதல் மூன்று கோப்பையும் தடுப்பாட்டம் வாங்கிக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

பிரிக்க முடியாத ஓர் இடமும் இருக்கிறது. ரேபைன் இறந்தபின் குவார்ட்டர்பேக்குகளோடு உட்காரும் வேலையில் ஒரு பகுதியைப் பெலிச்சிக்கே எடுத்துக்கொண்டார். வாராவாரம் எதிரணியின் தடுப்பாட்டத்தைப் படம் போட்டு, யார் எங்கே நிற்பான், எதை மறைக்கிறான், எதைக் காட்டி ஏமாற்றுகிறான் என்று பிரேடிக்கு விளக்கியவர் வாழ்நாள் முழுக்கத் தடுப்பாட்டமே யோசித்த ஒரு மனிதர். திருடனைப் பிடிப்பவனுக்குத் திருடனே பாடம் எடுத்த மாதிரி. பிற்காலத்தில் 15 நொடி இணைப்பு அறுந்தபின் பிரேடி களத்தைப் பார்த்த பார்வையில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அந்த அறையில் கிடைத்தது? இதற்குக் கணக்குப் போட வழியில்லை.

கேசல் என்ற சாட்சி

பெலிச்சிக் தரப்பு எப்போதும் முதலில் கூப்பிடும் சாட்சி மேட் கேசல். 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போனது. உள்ளே வந்த கேசல், உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஒரு போட்டியைக்கூட முதல் ஆளாகத் தொடங்கியதில்லை. அணி 11 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. பார்த்தீர்களா, யாரைப் போட்டாலும் ஓடும் வண்டி இது!

சாட்சி நல்ல சாட்சிதான், குறுக்கு விசாரணையில் கொஞ்சம் தடுமாறுவார். முந்தைய வருஷம் இதே அணி லீக் சுற்றில் தோல்வியே காணாமல் 16 ஆட்டமும் ஜெயித்தது. ராண்டி மாஸ் உட்பட முக்கியமான தாக்குதல் ஆட்கள் அப்படியே இருந்தார்கள். ஒரே ஒருவர் போனதில் 589 புள்ளி 410 ஆனது, ஐந்து வெற்றி குறைந்தது, ப்ளேஆஃப் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெஞ்சில் கிடந்த ஒருவரை வைத்து 11 ஆட்டம் ஜெயிப்பது எல்லாக் கோச்சாலும் ஆகாது. 2016இல் பிரேடி நான்கு ஆட்டத் தடையில் இருந்தபோது மாற்றுக் குவார்ட்டர்பேக்குகள் ஜிம்மி கரோப்பலோவையும் ஜேகோபி பிரிசெட்டையும் வைத்து 3 வெற்றி, 1 தோல்வி என்று ஓட்டியதும் இதே கணக்கில் சேரும்.

ஆக பிரேடி இல்லாமல் பெலிச்சிக்கால் நாலு ஆட்டம் சமாளிக்க முடியும், ஒரு சீசன்கூடச் சமாளிக்க முடியும். அதற்கு மேல்?

கோப்பையில்லாத காலம் இன்னும் சுவாரஸ்யமான சாட்சி, இதை இரண்டு தரப்பும் கூப்பிட விரும்புவதில்லை. 2005 முதல் 2013 வரை ஒன்பது சீசன், ஒரு கோப்பையும் இல்லை. பிரேடி எண்களில் உச்சத்தில் இருந்தது அப்போதுதான். 2007இல் 50 டச்டவுன், 2010இல் ஒருமனதாக எம்விபி, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். பயிற்சியாளரும் அதே பெலிச்சிக். 2007 இறுதிப் போட்டியில் சரித்திரம் படைத்த அந்தத் தாக்குதல், ஜயன்ட்ஸின் முன்வரிசையிடம் அடிவாங்கி 14 புள்ளியில் நின்றது. அது பிரேடி பக்கத்துத் தோல்வி. 2011இல் எதிரணிக்குக் கெஜங்களை வாரிக் கொடுத்ததில் லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த தடுப்பாட்டத்தைச் சுமந்துகொண்டு இறுதிவரை போனார் பிரேடி. ஆட்களைத் தேர்ந்தெடுத்த பெலிச்சிக்கின் தோல்வி அது. இப்படியெல்லாம் இருந்தும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் ப்ளேஆஃப் போனார்கள்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு கையெழுத்து

2015 பிப்ரவரி 1, அரிசோனா. இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சியாட்டில் அணியின் தடுப்பாட்டம் அந்தக் காலத்தில் பேய். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பேட்ரியட்ஸ் 14–24 என்று பின்தங்கியிருந்தது. பிரேடி அதற்குள் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்திருந்தார். அங்கிருந்து 15 முறை எறிந்து 13 முறை சரியாகச் சேர்த்தார், இரண்டு டச்டவுன். 28–24. அதில் பெலிச்சிக்கின் கை எங்கேயும் தெரியவில்லை. எதிரே நிற்பவர்களைப் பார்த்து, காலி இடம் எது என்று கண்டுபிடித்து, பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார் ஒரு மனிதர்.

பிரேடியின் வேலை அங்கே முடிந்தது. சியாட்டில் திரும்பி வந்து, உடம்பில் பட்டுத் துள்ளிய பந்தை ஒருவர் தரையில் விடாமல் படுத்துக்கொண்டே பிடித்து, கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் வந்து நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் மிச்சம். பந்தோடு முட்டி ஓடும் மார்ஷான் லின்ச் என்ற காட்டெருமை பக்கத்திலேயே நிற்கிறது. எந்தப் பயிற்சியாளரும் அங்கே டைம்அவுட் கேட்பார், எதிரணி புள்ளி எடுத்தாலும் தனக்கு நேரம் மிஞ்சட்டும் என்று. பெலிச்சிக் கேட்கவில்லை. எதிர் ஓரத்தில் இருந்த குழப்பத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார், கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டத்தைத் தடுக்க நிற்கும் கனமான ஆட்களோடு எறிதலைப் பிடிக்க ஓடுபவர்களை மறிக்கும் கார்னர்பேக்குகள் மூவரை அனுப்பும் அமைப்பை இறக்கினார்கள். மூன்றாவதாக ஓடி வந்தவர் மால்கம் பட்லர், டிராஃப்டில் யாருமே எடுக்காத புதுமுகம்.

அந்த வாரப் பயிற்சியில் சியாட்டில் கோட்டருகே எறியும் ஒரு நகர்வை நடித்துக் காட்டியபோது பட்லர் ஏமாந்திருந்தார். இப்படிச் சுற்றிப் போகாதே, நேராகப் பந்துக்குப் போ என்று திருத்தியிருந்தார்கள். 26 நொடி இருக்கையில் சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அதையே எறிந்தார். பட்லர் நேராகப் போனார். பந்து அவர் கையில்.

பிரேடி அப்போது பெஞ்சோரம் நின்று, சின்னப் பையன்போலத் துள்ளிக்கொண்டிருந்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். முன்னிலையை வாங்கித் தந்தது ஒருவர், அதைக் கைநழுவ விடாமல் காத்தது இன்னொருவர். ஒரே பத்திரத்தில் இரண்டு கையெழுத்து.

அட்லாண்டாவிடம் 3–28 என்று பின்தங்கி 34–28 என்று ஜெயித்த 2016 கதை எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. அதற்கடுத்த இரண்டு வருஷம் கவனிக்க வேண்டியவை. 2017 இறுதிப் போட்டியில் பிரேடி 505 கெஜம் எறிந்தும் ஃபிலடெல்பியாவிடம் 33–41 என்று தோற்றார்கள். அந்த சீசன் முழுக்க ஆடிய பட்லரை அன்று தடுப்பாட்டத்தில் ஒரு நொடிகூட இறக்காமல் பெலிச்சிக் உட்கார வைத்திருந்தார், திருப்தியான காரணமும் சொல்லவில்லை. அது முழுக்க அவர் கணக்கில் எழுத வேண்டிய கடன். மறுவருஷம் ராம்ஸை 13–3 என்று அமுக்கியபோது பிரேடி ஒரு டச்டவுன்கூட எறியவில்லை. கடன் அடைந்தது.

ஒரு வருஷம் முன்னால் அனுப்பு

இப்போது நீடித்து நின்றது எப்படி என்ற கேள்வி. பெலிச்சிக்கிடம் இரக்கமில்லாத ஒரு விதி இருந்தது: ஓர் ஆட்டக்காரன் தேய ஆரம்பித்தபின் அனுப்புவதைவிட ஒரு வருஷம் முன்னால் அனுப்புவது மேல். லாயர் மில்லாய் 2003 சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது வெளியே. ரிச்சர்ட் சீமோர் 2009இல், லோகன் மேன்கின்ஸ் 2014இல், சாண்ட்லர் ஜோன்ஸ், ஜேமி காலின்ஸ் 2016இல். எல்லாரும் நட்சத்திரங்கள். சம்பள உச்சவரம்புக்குள் அணியைப் புதுசாகவே வைத்திருந்த ரகசியம் இது.

நல்ல விதிதான். ஆனால் இந்த விதி வேலை செய்ய, வருஷா வருஷம் மாறிக்கொண்டிருக்கும் 52 பேருக்கு நடுவில் அசையாத ஒருவர் வேண்டும். அதுவும் விலை மலிவாக. 2013இல் பால்டிமோர் அணி தன் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவுக்கு ஆறு வருஷத்துக்கு 12 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தது. அதே சமயத்தில் பிரேடி கையெழுத்திட்ட நீட்டிப்பு, மூன்று வருஷத்துக்கு 2.7 கோடி. லீக்கின் மிக முக்கியமான பதவியில் இருந்த மிகச் சிறந்த ஆள், பாதி விலைக்கு ஆடினார். மிச்சமான பணத்தில்தான் பெலிச்சிக் தன் வித்தையைக் காட்டினார். லீக் போட்ட சமன்பாட்டை உடைத்தது அந்தத் தள்ளுபடிதான்.

பிறகு பெலிச்சிக் அந்த விதியைப் பிரேடிக்கும் பயன்படுத்தப் பார்த்தார். 2014இல் இரண்டாம் சுற்றில் கரோப்பலோவை எடுத்ததே அதற்குத்தான். பிரேடிக்கு அப்போது 36 முடிந்து 37 நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கணக்கு சரி. இந்த ஆள் மட்டும் தேயவில்லை. அதற்கப்புறம் நான்கு கோப்பை வாங்கினார், அதில் கடைசி ஒன்று வேறு சட்டையில். 2017 அக்டோபரில் கரோப்பலோவைத்தான் விற்க வேண்டி வந்தது. 2020 மார்ச்சில் பிரேடி தானாகவே போய்விட்டார்.

மிஞ்சியவர்

அதற்கப்புறம் பெலிச்சிக்கின் நான்கு சீசன்: 7–9, 10–7, 8–9, 4–13. மொத்தம் 29 வெற்றி, 38 தோல்வி. 2024 ஜனவரி 11 அன்று கிராஃப்டும் அவரும் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

பிரேடி தொடங்காத ஆட்டங்களை மட்டும் கூட்டினால், கிளீவ்லாண்ட் முதல் ப்ளேஆஃப் வரை எல்லாம் சேர்த்து, பெலிச்சிக்கின் கணக்கு 84 வெற்றி, 103 தோல்வி. இணையத்தில் அவரை அடிக்க எடுக்கும் முதல் கல் இதுதான். பொய் இல்லை, ஆனால் கொஞ்சம் அநியாயம். நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத வருஷங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தக் கோச் அழகாகத் தெரிவார்? இருந்தாலும் ஒருவர் இருக்கிறார். வாஷிங்டனின் ஜோ கிப்ஸ், 1982, 1987, 1991 சீசன்களில் மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளை வைத்து மூன்று கோப்பை வென்றார். பெலிச்சிக் தரப்பு தங்கள் ஆளைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றையும் உண்மையில் செய்தவர் கிப்ஸ். அவருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

84–103ஐவிட எனக்குக் கனமாகப் படுவது 2022 சீசன். முந்தைய வருஷம் மேக் ஜோன்ஸ் என்ற புதுக் குவார்ட்டர்பேக் ஓரளவு நன்றாகவே ஆடி ப்ளேஆஃப் வரை கொண்டுபோயிருந்தார். தாக்குதலை நடத்தியவர் வேறு அணிக்குப் போனதும், அந்த வேலையைப் பெலிச்சிக் மேட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார். பல வருஷமாகத் தடுப்பாட்டமே பார்த்துவந்த மனிதர் அவர். பையன் குழம்பினான், அதற்கப்புறம் அங்கே தேறவே இல்லை. தாக்குதல் என்பது யாரைப் போட்டாலும் ஓடும் வண்டி என்று இருபது வருஷமாக வெளியாட்கள் சொன்னதைப் பெலிச்சிக்கே நம்பிவிட்டார் போலிருக்கிறது. வண்டியை ஓட்டியவர் யார் என்பது அந்த வருஷம் தெரிந்தது.

பிரேடி பக்கமும் வெள்ளைத் துணி இல்லை. டாம்பா காலி வீடு அல்ல, மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின் மாதிரி எறிதலைப் பிடிக்கும் ஆட்கள் அங்கே தயாராக இருந்தார்கள். முந்தைய சீசனில் 30 இன்டர்செப்ஷன் எறிந்த ஜேமிஸ் வின்ஸ்டனின் இடத்துக்கு வந்தார் இவர். தன் கடைசி சீசனில் பிரேடியும் 8–9 என்றுதான் முடித்தார்.

என்னைக் கேட்டால்: முதல் கோப்பை பெரும்பாலும் பெலிச்சிக்குடையது, அடுத்த இரண்டும் பாதிக்குப் பாதி. பின்னால் வந்த மூன்றில் 2018 மட்டும் கோச் பக்கம் சாயும், மற்ற இரண்டும் பிரேடி பக்கம். அந்த பதினேழு பிரிவுப் பட்டங்கள், அலுக்காமல் வருஷா வருஷம் வந்த அந்த ப்ளேஆஃப் ஜனவரிகள், அவை பிரேடியுடையவை. வம்சம் என்று நாம் சொல்வது அந்த ஜனவரிகளைத்தான். கோப்பைக்குக் கூட்டுப் பட்டா போடலாம், அந்த நீண்ட காலத்துக்கு ஒரே பெயர்தான். அந்தப் பெயரை 2001 நவம்பரில் பட்டியலில் எழுதிய கை எது என்று கேட்டால் மறுபடி பெலிச்சிக்கிடம் வந்து நிற்போம்.

இருவரும் எதிரெதிரே நின்றது ஒரே ஒரு தடவை. 2021 அக்டோபர் 3, பிரேடி பழைய ஊருக்கு விருந்தாளியாக வந்தார். மழை. வாழ்நாளில் எறிந்த மொத்தக் கெஜத்தில் அதுவரை இருந்த சாதனையை அன்று அவர் கடந்தார். ஆனால் பெலிச்சிக்கின் தடுப்பாட்டம் அவரை ஒரு டச்டவுன்கூட எறிய விடவில்லை. கடைசி நிமிஷத்தில் பேட்ரியட்ஸ் 17, டாம்பா 19. நிக் ஃபோக் 56 கெஜத்திலிருந்து உதைத்த பந்து இடது கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

ஆட்டம் முடிந்து ரொம்ப நேரம் கழித்து பெலிச்சிக் எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போனார். இருபது நிமிஷத்துக்கு மேல் இருவரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பிரேடியிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். அது எங்களுக்குள் என்று சொல்லிவிட்டார்.